பூட்டு பெரிதாகிறது, பார்க்கும் கண் குறைகிறது: கோல சிலாங்கூர் வீடுகளின் கதை

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தாமானில் திருட்டு நடந்தால் அடுத்த வாரமே கிரில் அடிப்பவருக்கு வேலை வந்துவிடும். பின்கதவை நெம்பித்தான் உள்ளே புகுந்தார்கள் என்று தெரிந்தால் அந்த வரிசையில் பாதி வீடுகளுக்குப் பின்பக்கக் கிரில் ஏறும். முன்வாசலில் ஒரு பூட்டு இருந்த இடத்தில் இரண்டு தொங்கும். வசதி உள்ளவர்கள் கேமரா மாட்டுவார்கள். சில மாதம் கழித்து வேறொரு வரிசையில் திருட்டு நடக்கும். அப்போதும் பேச்சு பூட்டைப் பற்றியே இருக்கும்.

இந்தப் பேச்சுக்கு இப்போது சூடு ஏறியிருப்பதற்குத் தங்கம் ஒரு காரணம். கடந்த 2025 அக்டோபரில் அனைத்துலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. நம் பணத்தில் ஒரு கிராம் சுத்தத் தங்கம் 500 ரிங்கிட்டுக்கு மேல். ஒரு பவுன் நகை என்றால் எட்டு கிராம். 22 காரட் என்று கழித்துப் பார்த்தாலும் அதில் உள்ள தங்கத்தின் மதிப்பு 3,600 ரிங்கிட்டுக்குக் குறையாது. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளியின் இரண்டு மாதச் சம்பளம் அது. இன்னொரு கணக்கும் உண்டு. 1980களில் நம்மவர்கள் பலர் கடன் வாங்கிக் கட்டிய குறைந்த விலை வீட்டின் விலை 25,000 ரிங்கிட். இன்று ஏழு பவுன் நகை அந்த விலையை எட்டிவிடுகிறது. தாலிக்கொடியும் இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும் அரிசி டின்னிலோ துணி அலமாரியிலோ இருக்கும் வீட்டில், அன்றைய விலைக்கு இன்னொரு வீடே உள்ளே படுத்திருக்கிறது என்று அர்த்தம். வாசலில் தொங்குவதோ இருபது வெள்ளிப் பூட்டு.

ஆகவே பயம் நியாயமானது. ஆனால் பெரிய பூட்டு வாங்குவதோடு அந்தப் பயம் தீர்ந்துவிடுமா என்பதில்தான் சிக்கல். புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் இன்று கிரில்லுக்குள் இருக்கும் பலருடைய பெற்றோர், தோட்டத்து லயத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள். அவர்களைப் பாதுகாத்தது எது, அது இப்போது எங்கே போனது என்று யாரும் அதிகம் கேட்பதில்லை.

லயத்தில் பூட்டே கிடையாது என்று சொல்வது சரியல்ல. பூட்டு இருந்தது, அது வாசலில் இல்லை, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், அடகுச் சீட்டு, கொஞ்சம் நகை, கூட்டுச் சீட்டுப் பணம் எல்லாம் அதற்குள். சாவி அம்மாவின் முந்தானையில் முடிச்சுப் போட்டிருக்கும். (அந்தத் தொங்கு பூட்டை மலாய்க்காரர்கள் ‘மங்கா’ என்பார்கள். மாங்கனிக்கும் அவர்களிடம் அதே சொல்தான், அது நம் மாங்காயிலிருந்து போனது. திண்டுக்கல்லிலும் மாங்காய்ப் பூட்டு என்று ஒரு வகை உண்டு; 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.) வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போதும் என்றிருந்தார்கள். பகலில் அதுவும் போடுவதில்லை.

காரணம் லயத்தின் அமைப்பு. விடியற்காலையில் பெரட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இடைப்பட்ட நேரத்தில் லயம் காலியாக இருக்கவில்லை. பிள்ளை பெற்றவர், காய்ச்சலில் படுத்தவர், வேலை ஓய்ந்த தாத்தா, ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்க்கும் ஆயா என்று யாராவது ஒருவர் வாசலில் இருப்பார். தோட்டத்துக்குள் வர ஒரே சாலை. சேலை வியாபாரியையும் ரொட்டிக்காரரையும் சைக்கிள் சத்தத்தை வைத்தே அடையாளம் தெரியும். தெரியாத முகம் ஒன்று உள்ளே வந்தால் நாலு வீடு தாண்டுவதற்குள் ‘யாரு வேணும்?’ என்ற கேள்வி வந்துவிடும். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இருமினால் கேட்கும்.

இதை அழகான பழங்காலம் என்று பாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கதவைப் பூட்டாததற்கு இன்னொரு காரணம், எடுத்துப் போக அதிகம் இல்லை. மூன்றாவது காரணம் கசப்பானது. அந்த வீடு அவர்களுடையது அல்ல, நிர்வாகத்துடையது. வேலை போனால் வீடும் போகும். சொந்தமில்லாத கதவுக்கு யார் காசு போட்டு நல்ல பூட்டு மாட்டுவார்கள்? நாலு பேர் கண் எப்போதும் மேலே இருந்ததால் மூச்சு முட்டியவர்களும் உண்டு, முக்கியமாகப் பெண்கள். யார் வீட்டுக்கு யார் வந்தார் என்ற கணக்கு திருடனுக்கு மட்டும் போடப்பட்டதல்ல.

1948இல் அவசரகாலம் தொடங்கிய பிறகு இன்னொரு விதமான பூட்டையும் தோட்டத்து மக்கள் பார்த்தார்கள். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்ததும், சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். இரவில் ஊரடங்கு. வேலிக் கதவு மூடப்பட்டால் காலையில் திறக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது. பூட்டியவர் உள்ளே இருந்தவர் அல்லர். பாதுகாப்பு என்ற பெயரில் வெளியிலிருந்து பூட்டப்பட்ட அனுபவம் நம் தாத்தா பாட்டிகளுக்கு இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

பிறகு இடப்பெயர்வு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைத் தோட்டம் பல இடங்களில் வீடமைப்புப் பகுதி ஆனது. நாட்டின் வணிகச் செம்பனைப் பயிர் 1917இல் தொடங்கியதே இந்த வட்டாரத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில். பெயரிலேயே தமிழ் இருக்கும் அந்த மாதிரித் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். சொந்த வீடு கிடைத்தது. அது சிறிய விஷயமல்ல. முதல் தடவையாகப் பூட்ட ஒரு கதவு கிடைத்தது.

ஆனால் லயத்தில் இருந்த கண்கள் கூடவே வரவில்லை. கணவன் ஷா ஆலாம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், மனைவி பகல் ஷிப்ட், பிள்ளைகள் பள்ளியிலும் டியூஷனிலும். காலை ஒன்பது மணிக்கு வரிசையில் இருபது வீடு என்றால் பதினைந்து பூட்டியிருக்கும். மீதி ஐந்தில் வயதானவர்கள் தொலைக்காட்சி முன்னால் இருப்பார்கள். இடது பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியும். எதிர் வீட்டுக்காரரின் கார் நிறம் மட்டும் தெரியும். அந்தக் கார் வேறொருவர் கையில் போனாலும் யாருக்கும் தெரியாது.

சாலையும் மாறிவிட்டது. 2011இல் லத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு ஈஜோக்கிலிருந்து ரவாங் பக்கம் போவது அரைமணி நேர வேலை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. அதே வசதி, காலையில் வந்து நோட்டம் பார்த்து மத்தியானத்துக்குள் மாவட்டம் தாண்டிவிட நினைப்பவருக்கும் உண்டு. மகாராஷ்டிரத்தில் சனி சிங்கணாப்பூர் என்ற ஊரைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். சனீஸ்வரன் காவல் இருக்கிறார் என்று வீடுகளுக்குக் கதவே வைக்காத ஊர். 2011இல் யூகோ வங்கி அங்கே பூட்டில்லாக் கிளை திறந்தபோது உலகமே வியந்தது. ஆனால் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் பெருகியதும் திருட்டுப் புகார்கள் எழுந்தன. 2015இல் அந்த ஊருக்கும் ஒரு காவல் நிலையம் வந்தது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊருக்குப் பொருந்திய வழக்கம், அறியாதவர்கள் வந்துபோகும் ஊருக்குப் போதவில்லை.

இதற்கு நேர் எதிரான ஆபத்து, இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கு. ஒரு லயத்தில் பத்து வீடு இருந்தால் இன்று மூன்றில் மட்டும் தமிழ்க் குடும்பம் இருக்கும். சில வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், சில வீடுகள் காலி. பெரட்டுக்குப் போகும் கூட்டமும் ஆயாக் கொட்டகையும் போய்விட்டன. ஆனால் பகலில் கதவைத் திறந்து போடும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. ‘இங்க யாரு வரப் போறா?’ என்று சொல்லும் எழுபது வயது பாட்டியின் கழுத்தில் நாலு பவுன் தொங்குகிறது. தாமானில் பூட்டு உண்டு, கண் இல்லை. தோட்டத்தில் இரண்டும் இல்லை.

திருட்டைப் பற்றிப் பேசும்போது அந்நியத் தொழிலாளர் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. அதில் சோம்பேறித்தனம் அதிகம். கேஸ் தோம்பு, பித்தளைக் குத்துவிளக்கு, செப்புக் கம்பி, கோயில் மணி என்று பழைய இரும்புக் கடைக்குப் போகக்கூடிய பொருள் காணாமல் போனால், எடுத்தது யார் என்று வரிசையில் பாதிப் பேருக்குத் தெரிந்திருப்பதும் உண்டு. போதைப் பழக்கத்தில் விழுந்த, எல்லாருக்கும் தெரிந்த வீட்டுப் பிள்ளை. ‘அவங்க அம்மா முகத்தைப் பார்த்துட்டு எப்படி ரிப்போர்ட் பண்றது?’ என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இரக்கம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் அந்தப் பையனுக்குச் சிகிச்சைக்கான வழியும் அதனால் அடைபடுகிறது. அடுத்த வீட்டுக்காரருக்கு எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. குண்டர் கூட்டத்தோடு தொடர்பு உள்ளவர் என்றால் வாய் மூடுவது பயத்தினால். அங்கே இரக்கம் என்று சொல்வது வெறும் போர்வை.

புகார் செய்யாததற்கு மொழித் தயக்கமும் ஒரு காரணம். அதற்காகச் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. திருட்டு நடந்த இடத்துக் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நாட்டில் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். புகார் கொடுத்தவர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். ‘ரிப்போர்ட் போட்டு என்ன ஆச்சு?’ என்று சலித்துக்கொள்பவர்களில் பலர் இந்த உரிமையைப் பயன்படுத்தியதில்லை. இரவில் வீட்டை உடைத்துப் புகுவது தண்டனைச் சட்டத்தின் 457ஆம் பிரிவில் ஐந்தாண்டுச் சிறைக்குரிய குற்றம். திருடும் நோக்கம் இருந்தால் 14 ஆண்டுவரை போகலாம். சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. புகாரே போகாத இடத்தில் அதனால் என்ன செய்ய முடியும்?

திருடனைவிட அதிகம் கவலைப்பட வேண்டிய ஒன்று இந்தக் கிரில்லுக்குள்ளேயே இருக்கிறது. அது தீ.

2017 செப்டம்பர் 14 விடியற்காலை கோலாலம்பூர் கம்போங் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் தீ வைக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் மாணவர்கள். வாசல் பக்கம் தீ. ஜன்னல்களில் இரும்புக் கிரில். தப்பிக்க வழி இல்லை. அந்தக் கிரில்களை மாட்டியவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. நம் தாமான் வீடுகளிலும் இதே அமைப்புதான். முன்னால் கிரில், பின்னால் கிரில், எல்லா ஜன்னலிலும் திறக்காத கிரில்.

இரவு பத்து மணிக்குக் குடும்பத் தலைவர் முன்கிரில்லை உள்ளிருந்து பூட்டுகிறார். சாவி எங்கே போகிறது? சில வீட்டில் சாமி மாடத்துக்கு, சில வீட்டில் தலையணைக்கு அடியில், சில வீட்டில் அவருடைய கால்சட்டைப் பைக்குள். அவர் இரவு ஷிப்டுக்குக் கிளம்பினால் சாவிக்கொத்தும் அவரோடு போய்விடுகிறது. மின்கம்பி பழசாகிப் புகை கிளம்பினால் முதலில் போவது விளக்கு. இருட்டில், புகையில், இருமலில், பயந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறிய சாவியைத் தேடி, அதைச் சின்ன ஓட்டைக்குள் நுழைத்துத் திருப்ப வேண்டும். பகலில் வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை செய்து பார்த்தால் தெரியும். பழைய லயத்துப் பலகை வீட்டில் தீப்பிடித்தால் வரிசையே எரிந்துபோகும் ஆபத்து இருந்தது உண்மை. ஆனால் கதவைத் தள்ளினால் திறக்கும், பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே புகுந்து தூக்கிவிடலாம். இன்று வெளியே நாற்பது பேர் நின்றாலும் கிரில்லை அறுக்கக் கருவி வர வேண்டும்.

இதற்குத் தீர்வு கிரில்லைக் கழற்றுவது அல்ல. சாவிக்கு ஓர் ஆணி போதும். கிரில்லுக்கு அருகில், உள்ளே இருப்பவர் எட்டி எடுக்கும் இடத்தில், வெளியிலிருந்து கையோ கம்பியோ விட்டாலும் எட்டாத தூரத்தில். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அந்த ஆணி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கை அறையிலும் இல்லாவிட்டாலும், ஒரு பக்கத்தில் ஒரு ஜன்னல் கிரில்லாவது கதவு மாதிரி திறக்கும்படி இருக்க வேண்டும். புதிதாகக் கிரில் அடிக்கச் சொல்லும்போதே கேட்டால் கடைக்காரர் செய்து தருவார். பூவேலை டிசைனுக்கு முந்நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதவர்கள் இதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று சில வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கிறது. வயதான அம்மாவுக்கு மறதி. தனியே விட்டால் ரோட்டுக்குப் போய்விடுவார். வேலைக்குப் போகும் மகனும் மருமகளும் கிரில்லை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகிறார்கள். பாசம் இல்லாமல் அல்ல, வேறு வழி தெரியாமல்தான். உள்ளே அடுப்பு இருக்கிறது, மாடத்தில் விளக்கு எரிகிறது, கீழே விழுந்தால் எழுப்ப ஆள் இல்லை. முள்கம்பி வேலிக்குள் சிறுமியாக இருந்தவரை எண்பது வயதில் மறுபடியும் வெளியிலிருந்து பூட்டுகிறோம். குறைந்தது பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி இருக்க வேண்டும். பல வீடுகளில் அதுவும் இல்லை. மாற்றுச் சாவி கிள்ளானில் இருக்கும் மகளிடம் இருக்கும். அவர் வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆகும்.

பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கத் தயங்குவது ஏன் என்று கேட்டால், ‘இந்தக் காலத்துல யாரை நம்புறது?’ என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம்பிக்கை தானாக முளைப்பதில்லை. ருக்குன் தெத்தாங்கா 1975இல் தொடங்கியது. 2012இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. அதன் கீழ் இயங்கும் சுற்றுக்காவல் திட்டத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் சேர்ந்து சுற்றும் இடங்கள் உண்டு. நம்மவர்கள் திருட்டு நடந்த மாதத்தில் கூட்டமாகப் பதிந்துவிட்டு மூன்றாவது மாதத்தில் காணாமல் போவதும் உண்டு. ஷிப்ட் வேலை ஒரு காரணம் என்றாலும், மாதம் இரண்டு இரவுகூட முடியாதவர் எத்தனை பேர்? இரவில் சுற்ற முடியாதவர்களுக்குப் பகலில் வேலை இருக்கிறது. காலை ஒன்பது முதல் மத்தியானம் வரை வரிசையில் யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒன்று இருந்தாலே பாதி வேலை முடிந்தது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தா நாற்காலியை வாசலுக்கு மாற்றினால் கேமராவைவிட நன்றாகப் பார்ப்பார். கேமராவுக்கு ‘யாரு வேணும்?’ என்று கேட்கத் தெரியாது.

வாட்ஸ்அப் குழுக்கள் இப்போது ஒவ்வொரு தாமானுக்கும் உண்டு. நல்லதுதான். ஆனால் தைப்பூசத்துக்குப் பத்துமலையிலிருந்தும், விடுமுறையில் தமிழ்நாட்டிலிருந்தும் குடும்பத்தோடு எடுத்த படத்தை அன்றன்றே முகநூலில் போடுவது, வீடு காலியாக இருக்கிறது என்று வாசலில் பலகை மாட்டுவதற்குச் சமம். ஊருக்குப் போகும் முன் காவல் நிலையத்தில் பாரம் நிரப்பிக் கொடுக்கலாம்; காவல்துறையின் வி.எஸ்.பி. செயலியிலும் தெரிவிக்கலாம். பண்டிகைக்குப் பண்டிகை காவல்துறை இதைச் சொல்கிறது. பாரம் நிரப்பச் சோம்பல் படுகிறவர்கள் படம் போடச் சோம்பல் படுவதில்லை.

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் தாகார் வட்டாரத்தில் மேரி, மின்யாக், நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் நீண்ட காலம் போராடிப் பெற்ற 245 வீடுகளின் திட்டத்தை இந்த இடத்தில் நினைக்க வேண்டியிருக்கிறது. அது அவர்கள் உழைப்புக்குத் தாமதமாகக் கிடைத்த நியாயம். ஆனால் முன்பு இடம்பெயர்ந்தவர்களுக்கு நடந்தது இவர்களுக்கும் நடக்கலாம். குறைந்த விலை வீடுகளைக் குலுக்கலில் ஒதுக்குவது பல இடங்களில் வழக்கம். முப்பது நாற்பது வருடம் பலகைச் சுவருக்கு இரு பக்கமும் இருந்த இரண்டு குடும்பங்கள், குலுக்கலில் இரண்டு தெருவுக்குப் பிரிந்துபோகும். வீட்டு எண் முடிவாவதற்கு முன்னால், பழைய அண்டை வீட்டார் விரும்பினால் அடுத்தடுத்து இருக்கலாம் என்ற ஏற்பாட்டைக் கேட்கத் தோட்டக் கமிட்டிகளுக்கு உரிமை உண்டு. கேட்பதற்குச் செலவும் இல்லை. ருக்குன் தெத்தாங்கா பதிவுக்கான பெயர்ப் பட்டியலையும் அதே கூட்டத்தில் எழுதிவிடலாம், எல்லாரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.